ஜெபக்கூட்டம் என்று நான் எழுதிய வியாழக்கிழமைகள்

1

ஊரை விட்டு இங்கே வந்து இந்த மாதத்தோடு பத்தொன்பது ஆண்டுகள் முடிகின்றன. ஒவ்வோர் ஆண்டும் இந்த மாதத்தில் பழைய நாட்குறிப்புகளை அலமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டி, ஆண்டு வரிசையில் திரும்ப அடுக்குவது என் வழக்கம். பத்தொன்பதும் ஒரே அளவு, ஒரே நீல அட்டை. ஒரு நாளுக்கு நான்கு வரி. இந்த முறை அடுக்கி முடிக்க முடியவில்லை. கடைசி மூன்று புத்தகங்கள் மேசை மேல் கிடக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய எல்லா வியாழக்கிழமைகளிலும் மூன்றாவது வரி ஒன்றுதான்: "ஸ்டெல்லா, ஜெபக்கூட்டம், ஆறு முதல் எட்டு." அது சரியல்ல என்று இப்போது தெரியும். அடித்துத் திருத்துவதா, அப்படியே விடுவதா என்று முடிவு செய்ய முடியாமல் அந்தப் புத்தகங்களைத் தினமும் ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டெல்லா என் மனைவி. வடசேரிக்காரி. இங்கிலாந்தின் வடக்கே, பழைய பஞ்சாலை ஊர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். நான் சிதறால் பக்கம். எங்கள் மகள் அனிஷாவுக்குப் பதினேழு வயது. தமிழ் புரியும், பதில் பாதி ஆங்கிலத்தில் வரும்.

என் வேலையை ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்லி வென்றதில்லை. இங்குள்ள பல்கலைக்கழகத்தில் விளையாட்டு, உடல்நலம், மனநலம் பற்றி ஆராயும் ஒரு பிரிவு இருக்கிறது. அதில் நான் ஆய்வாளன் அல்ல. ஆய்வு செய்து கட்டுரை எழுதினால் மட்டும் இங்கே போதாது. அந்த ஆய்வால் வெளியே என்ன மாறியது என்று காட்ட வேண்டும். ஒரு பூங்காவில் விளக்குப் போட்டார்களா, ஒரு நீச்சல்குளத்தின் நேரத்தை மாற்றினார்களா, மருத்துவர்கள் மாத்திரைக்குப் பதில் நடக்கச் சொன்னார்களா என்று கண்டுபிடித்து, சம்பந்தப்பட்ட அதிகாரியிடமிருந்து "ஆம், உங்கள் ஆய்வைப் படித்துத்தான் செய்தோம்" என்று கடிதம் வாங்கிக் கோப்பில் சேர்ப்பவன் நான். ஆள் குறைந்த சமயங்களில் வினாப்படிவங்களைக் கொண்டுபோய் நிரப்பி வாங்குவதும் உண்டு.

சென்ற வசந்தத்தில் அப்படி ஒரு கடிதம் வந்தது. எங்கள் பேராசிரியை ஹெலன், புலம்பெயர்ந்து வந்த சமூகங்களின் உடலியக்கம் பற்றி ஓர் அறிக்கை எழுதியிருந்தார். ஊரின் கவுன்சில் அதை ஏற்றுக்கொண்டு கொள்கை வகுத்துவிட்டது. "தென்னிந்தியப் பெண்களிடையே உடற்பயிற்சி முற்றிலும் இல்லை என்று உங்கள் ஆய்வு காட்டியதால், செப்டம்பர் முதல் கால்வாய்த் தெரு விளையாட்டுக் கூடத்தில் வியாழன் மாலை அவர்களுக்குத் தொடக்கநிலைப் பயிற்சி வகுப்பு நடக்கும். அந்த நேரத்தில் தற்போது கூடும் ஜெபக்குழுவுக்கு நூலகத்தின் பின்னறை தரப்படும்."

இவ்வளவு தெளிவான ஆதாரம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

2

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் கடலைக்கறியும். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஸ்டெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த ஹாலு?"

"நீங்க ஜெபத்துக்குப் போற ஹாலுதான். நீ ஒண்ணும் விசாரப்படாண்டாம். நூலகத்துல பதினெட்டு நாற்காலி உண்டு, ஹீட்டரும் உண்டு. ஜெபத்துக்கு அதுதான் சௌரியம்."

அனிஷாவுக்குச் சிரிப்பில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. "லைப்ரரில எப்படிம்மா சர்வீஸ் போடுவீங்க? புக் எல்லாம் விழுமே!"

"என்ன சர்வீஸ்?" என்றேன்.

"ஏட்டி, வாயை மூடிட்டுத் தின்னு" என்றாள் ஸ்டெல்லா.

"அப்பா, ப்ரேயர் டென் மினிட்ஸ். மிச்சம் முழுக்க த்ரோபால். நான்தான் ஸ்கோர் எழுதுறேன். யூ டிடின்ட் நோ? நீங்கதானே டேட்டா ஆளு!"

எறிபந்து. நம் ஊர்ப் பெண்கள் பள்ளிகளில் மைதானம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு வலையும் அந்தப் பந்தும் இருக்கும். வலைக்கு மேலே வரும் பந்தைத் தட்டக் கூடாது. பிடித்து, மூன்று நொடிக்குள் திருப்பி எறிய வேண்டும். ஸ்டெல்லா பள்ளி அணியில் இருந்தவள் என்று பெண் பார்க்கப் போன அன்று அவள் அப்பா சொன்னார். கேட்டு மறந்துவிட்டேன்.

"எத்தனை நாளா?"

"மூணு வருசம் ஆகப்போகுது."

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேட்டியளா?" என்றாள். "வந்து ஏறினதும் 'ஜெபம் முடிஞ்சுதா'ன்னு கேப்பிய. முடிஞ்சுதுன்னு சொல்லுவேன். அது முடிஞ்சுதுதானே?"

அவள் சொன்னதிலிருந்து நடந்தது இது. கூடம் கேட்டு விண்ணப்பித்தபோது 'நிகழ்ச்சியின் வகை' என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. எங்கள் தமிழ்ச் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி செல்வபாய் அக்கா அதில் ஜெபக்கூட்டம் என்று எழுதிவிட்டாள். ஐக்கியம் கூடினால் ஜெபம் என்று எழுதுவதே பழக்கம். பிறகு மாற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"அம்பது வயசுல பொம்பளையோ பந்து எறியப் போறாளுவோன்னு சொன்னா வீட்டுல என்ன சொல்லுவாவ? போதகர் என்ன சொல்லுவாரு? எங்க அம்மை வீடியோவுல வந்து என்ன சொல்லுவா? ஜெபம்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. நீங்களே 'பாத்திரம் நான் கழுவுகேன், நீ போயிட்டு வா'ன்னு விடுதியளே!"

சாப்பிட்டு எழுந்ததும் நாட்குறிப்பைப் புரட்டினேன். இரண்டு ஆண்டுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை: "ஸ்டெல்லாவுக்கு விளையாட்டு ஷூ. கால்வலிக்கு." கடையில் அவள் ஷூவைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை துள்ளிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அதை நான் எழுதவில்லை.

3

இனி என் தவற்றை எழுதுகிறேன். வரிசையாகவே எழுதுகிறேன்.

ஹெலனின் ஆய்வுக்காக எங்கள் சபைக்குப் படிவங்கள் கொண்டுபோனவன் நான். ஞாயிறு ஆராதனை முடிந்து சாயா கொடுக்கும் நேரம். மூலையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். ஊரில் இருந்தபோது பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, கல்லூரிச் சேர்க்கை என்று சுற்றுவட்டாரத்துக்கே படிவம் எழுதிக் கொடுத்தவன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். இங்கேயும் பெண்கள் வரிசையாக வந்து, "தம்பி, நீயே போட்டிரு, நான் ஒப்பு மட்டும் இடுகேன்" என்றார்கள்.

ஏழாவது கேள்வி: கடந்த வாரத்தில் விளையாட்டு அல்லது உடற்பயிற்சியில் எத்தனை நிமிடம் செலவிட்டீர்கள்? இதை இப்படியே வாசித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நான், "இதுல ஒண்ணும் இல்லைல்லா அக்கா?" என்று கேட்டேன். பக்கத்தில் கணவன்மார்களும் போதகரும் கோப்பையோடு நின்றிருந்தார்கள். பெண்கள் சிரித்து, "அதுக்கெல்லாம் எங்க தம்பி நேரம்" என்றார்கள். பூஜ்யம் போட்டேன். இருபத்து மூன்று படிவம், இருபத்து மூன்று பூஜ்யம். எங்கள் ஊரில் தென்னிந்தியப் பெண்கள் என்று தனியாகப் பதிவானது இந்த இருபத்து மூன்று மட்டுமே.

ஸ்டெல்லா அப்போது தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடையதை அவளைக் கேட்காமலே நிரப்பினேன். தெரிந்ததை எதற்குக் கேட்பது? ஏழாவதுக்குப் பூஜ்யம். பத்தொன்பதாவது கேள்வி: மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை உங்களுக்கு எவ்வளவு திருப்தியாக இருக்கிறது, பத்துக்கு எத்தனை? ஏழு குறைவாகத் தோன்றியது. ஒன்பது பெருமையாகத் தோன்றியது. எட்டு என்று எழுதினேன். அவள் கையைத் துடைத்துவிட்டு வந்து, பார்க்காமலே ஒப்பமிட்டாள்.

சனிக்கிழமை காலை அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா ஊரிலேயே, எங்கள் பழைய விளையில், தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறாள். விடியுமுன் ரப்பர் விளைக்குப் போய், பட்டை கீறிய மரங்களிலிருந்து வாளியில் ரப்பர்ப் பால் சேர்த்துச் சுமந்து இறங்குபவள். நான் என் கதையைத் தொடங்குமுன் அவள் கதை வந்தது.

"இங்க சுகாதாரத்துல இருந்து ஒரு பிள்ளை வந்தா மக்கா. கையில டேப்பு, பெரிய போன் மாதிரி. பிரஷர் பாத்தா, ஷுகர் பாத்தா. பொறவு, தினம் உடற்பயிற்சி செய்யியளா அம்மான்னு கேட்டா. அதுக்கு எங்க பிள்ளே நேரம்னு சொன்னேன். தினம் அரை மணிக்கூர் நடக்கணும்னு சீட்டுல எழுதித் தந்திருக்கா."

"ரப்பர் விளைக்குப் போறதைச் சொன்னியா?"

"அது சோலியாக்கும். அவ சோலியைக் கேக்கல்லியே!"

"அதுவும் நடைதானேக்கா. சொல்லியிருக்கலாம்லா?"

"நான் வாயைத் தெறக்குமுன்ன 'இல்லைல்ல அம்மா'ன்னு அவளே விரலை வச்சு அமுக்கியாச்சு. நல்ல பிள்ளை. வெயில்ல வந்திருக்கா. அவளை எதுக்குத் திருத்த?"

பிறகு என் படிவங்களைப் பற்றிச் சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் போனைச் சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"நீ பண்டே இப்பிடித்தானே! அண்டி ஆபீசு தங்கத்துக்கு பாரம் எழுதினது ஓர்மை இல்லியா?"

எனக்கு நினைவில்லை. அக்கா நினைவுபடுத்தினாள். தங்கம், முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில் வேலை செய்தவள். எங்கள் பக்கத்தில் அதை அண்டி ஆபீசு என்போம். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக விண்ணப்பம் எழுத வந்திருக்கிறாள். தொழில் என்ற இடத்தில் நான் 'இல்லை' என்று எழுதிவிட்டேன். களியக்காவிளை பஸ்ஸில் யாரிடமோ வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மறுநாள் முற்றத்தில் வந்து நின்றாளாம்.

"'ஏலே, பத்து வருசமா அண்டி தல்லி எனக்க கையைப் பாரு, கறுத்துப் போயி இருக்கு. நீ இல்லன்னு எழுதி வச்சிருக்கியா?'ன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினா. நீ அறைக்குள்ள போயி ஒளிச்சே."

அப்போது நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கவில்லை.

4

அடுத்த வியாழன் கூடத்துக்குப் போனேன். எனக்கு அங்கே நிற்கவும் கூச்சமாக இருந்தது. வீட்டில் இருக்கவும் முடியவில்லை.

முதலில் ஜெபம். நிஜமான ஜெபம்தான். ஊரில் நோயாய்க் கிடப்பவர்கள், விசா வராதவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் என்று பெயர் சொல்லி வேண்டினார்கள். என் கடிகாரத்தில் ஒன்பது நிமிடம். ஆமென் சொன்ன கையோடு துப்பட்டாக்கள் இடுப்பில் முடிச்சேறின. இருவர் போய் வலையை இழுத்துக் கட்டினார்கள். செல்வபாய் அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது, மூட்டுவலி. தோவாளைக்காரி, இங்கே ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. விளையாட முடியாததால் நாற்காலியில் ஏறி நின்று விசில் ஊதுகிறாள்.

"ஏட்டி லீலா! பந்தைப் பிடிக்கியா, பிள்ளையைத் தாராட்டுதியா?"

"மூணு செகண்டு ஆகல்லக்கா!"

"ஆச்சு! எனக்க விசில் பொய் சொல்லாது!"

"அது சொல்லாது. ஊதுகது ஆராக்கும்?"

ஸ்டெல்லா பின்வரிசையில் நின்றாள். பந்து வந்தது. இரண்டு கையாலும் பிடித்தாள், வலையின் இடக்கோடியைப் பார்த்தாள், ஒரு கையால் வலக்கோடிக்கு எறிந்தாள். எதிரணிப் பெண்கள் மூவர் இடப்பக்கம் ஓடி முட்டிக்கொண்டார்கள். "கள்ளி! வடசேரிச் சந்தைக் கள்ளி!" என்று லீலா கத்தினாள். ஸ்டெல்லா இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். இருபத்து நான்கு ஆண்டுகளாக அவளோடு வாழ்கிறேன். அப்படி நின்று அவளை நான் பார்த்ததில்லை.

இடைவேளையில் கடிதத்தைப் படித்தேன்.

முதலில் லீலாதான் பேசினாள். சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை அவளுக்கு. "அப்போ நாங்க ஒண்ணும் செய்யாத பொம்பளைகளாண்ணே? எனக்க படிவத்துல என்ன போட்டிய?"

"பூஜ்யம்."

"ஒரு ஷிப்டுக்கு நான் எத்தனை பெட்டி தூக்குகேன்னு தெரியுமா?"

"வேலைக்கு வேற கேள்வி இருந்தது."

"அதுல?"

"நின்று செய்யும் வேலை."

"நல்லா இருக்கு! இவரு என்னைய நிறுத்தி வச்சிட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "ஹாலு போச்சுன்னா அம்புட்டுதான். மறுபடி கூட மாட்டோம். எனக்கு வாரத்துல இந்த ரெண்டு மணிக்கூர்தான் உண்டு." ஸ்டெல்லா பந்தை மடியில் வைத்து அதன் தையலை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள்.

செல்வபாய் அக்கா நாற்காலியிலிருந்து இறங்கினாள். "தம்பியை மட்டும் சொல்லப்பிடாது. அன்னைக்கு நாமளும் சிரிச்சோம்லா? போதகர் சாயா குடிச்சிட்டு நிக்காரு, அங்க வச்சு த்ரோபால்னு சொல்ல எவளுக்கு நாக்கு பொங்கிச்சு? ஹாலுக்கு ஜெபம்னு எழுதினவ நானாக்கும். தம்பி, நீ எழுதினதை நீ திருத்து. நாங்க எழுதினதை நாங்க திருத்துகோம்."

அந்த ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில் அவள் எழுந்து நின்றாள். "வியாழக்கிழமை பெண்கள் ஐக்கியத்தார் த்ரோபால் விளையாடுகோம். மூணு வருசமா விளையாடுகோம். அறிவிக்க விட்டுப்போச்சு." போதகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஜெபம் உண்டுமா?" என்று கேட்டார். "உண்டு ஐயா. பத்து நிமிசம்." "அப்போ நல்லதுதான்" என்று அவர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். மூன்று ஆண்டு பயந்ததற்கு அவ்வளவுதான் பலன்.

5

என்னுடையது அவ்வளவு எளிதாக முடியவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு ஹெலனின் அறைக்குப் போனேன். முந்தின நாள் ஒரு தாளில் ஆறு குறிப்புகளாக எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். முடித்ததும் கேட்டார்:

"உங்கள் மனைவியின் படிவமுமா?"

"அதுவும்தான்."

"அவரிடம் நீங்கள் கேட்கவே இல்லையா?"

"வீட்டில்தானே இருக்கிறாள் என்று கேட்கவில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நம் ஆய்வு எதையாவது மாற்றியது என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிக நல்ல ஆதாரம் அந்தக் கடிதம்" என்றார். "அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நான்தான் கோப்பில் வைத்தேன்."

நெறிமுறை மீறலை அறிவிக்க எங்களிடம் பதினொரு பக்கப் படிவம் ஒன்று இருக்கிறது. அதன் சரிபார்ப்புப் பட்டியலை வடிவமைத்தவனும் நான்தான். இரண்டு நாள் எடுத்து நிரப்பினேன். இருபத்து மூன்று படிவங்களும் ஆய்விலிருந்து நீக்கப்படும். அந்தப் பெண்களிடம் புதிதாகக் கேட்கப்படும். இனி நான் வினாப்படிவம் நிரப்பப் போகக் கூடாது. திருத்திய அறிக்கை அடுத்த பதிப்பில் வரும் என்று முடிவானது. கவுன்சிலுக்கும் எழுதினோம். செல்வபாய் அக்காவும் ஜெபக்கூட்டம் என்பதை எறிபந்து என்று மாற்றக் கேட்டு எழுதினாள்.

கவுன்சிலின் பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. பண்பான பதில். திருத்தத்தைக் குறித்துக்கொண்டார்கள். ஆனால் திருத்திய பதிப்பு முறையாக வெளியாகும் வரை, ஏற்றுக்கொண்ட அறிக்கையின்படியே நடக்க வேண்டியிருக்கிறது. முன்பதிவுகளை மாற்றும் காலமும் முடிந்துவிட்டது. செப்டம்பர் முதல் கூடம் புதிய வகுப்புக்குத்தான். "இந்த வகுப்பில் சேர, இதுவரை எந்த உடற்பயிற்சியும் செய்யாதவர்களாக இருக்க வேண்டும்" என்ற நிபந்தனையையும் இணைத்திருந்தார்கள்.

செல்வபாய் அக்காவிடம் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் இரண்டு முறை கேட்டாள்.

"அப்போ புது அறிக்கை வர வரைக்கும் கவுன்சிலு கணக்குல நாங்க பூஜ்யந்தானா?"

"ஆமாக்கா."

"பூஜ்யமா இருக்கப்பட்டவதான் அந்த கிளாசுல சேர முடியும்?"

"ஆமா."

"செரி" என்றாள். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு."

6

செப்டம்பரின் முதல் வியாழன், பயிற்சியாளர் எம்மா, இருபத்தைந்து வயதுப் பெண், பை நிறைய ரப்பர்ப் பட்டைகளோடு கூடத்துக்கு வந்தாள். நாலைந்து பேர் தயங்கித் தயங்கி வருவார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறாள். இருபத்து மூன்று பேர் ஷூ போட்டு, துப்பட்டாவை முடிந்து, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் போகவில்லை, அனிஷா வந்து நடித்துக் காட்டினாள். எம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தச் சொன்னாளாம், உயர்த்தினார்கள். கணுக்காலைச் சுழற்றச் சொன்னாளாம், சுழற்றினார்கள். பத்து நிமிடம் ஆனதும் செல்வபாய் அக்கா எழுந்து, "தேங்க் யூ மகளே, நவ் நெட்" என்றாளாம்.

மூன்றாவது வாரம் எம்மாவும் லீலாவின் அணியில் சேர்ந்துவிட்டாள். பிடிப்பதையெல்லாம் கீழே விடுகிறாளாம். "அந்தப் பிள்ளைக்கு ஒடம்பு உண்டு, கை இல்ல" என்று லீலா கவலைப்படுகிறாள். ஜெபத்தை இப்போது கூடத்துக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடி முடித்துக்கொள்கிறார்கள்.

அதே மாதம் அக்கா போனில் சொன்னாள்: "அந்தப் பிள்ளை திரும்ப வந்தா மக்கா. இப்பம் நடக்கியளா அம்மான்னு கேட்டா. நடக்கேன்னு சொன்னேன். டேப்புல பச்சை விழுந்துதாம். அவளுக்கு அம்புட்டு சந்தோசம்."

"நடக்கியா?"

"ரப்பர் விளைக்குப் பின்ன பறந்தா போறேன்?"

இரண்டு வாரம் முன்பு கவுன்சிலிடமிருந்து ஹெலனுக்கு இன்னொரு கடிதம் வந்தது. வகுப்பு பெரும் வெற்றி. முன்பு பூஜ்யம், இப்போது இருபத்து மூன்று பேரும் ஒரு வாரம் தவறாமல் வருகிறார்கள். இந்த மாற்றத்துக்குப் பல்கலைக்கழக ஆய்வே காரணம் என்று நன்றி தெரிவித்திருந்தார்கள். அடுத்த ஊர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கப் போகிறார்களாம்.

ஹெலன் அந்தத் தாளை என்னிடம் தந்தார். அவர்கள் கணக்குப்படி அதில் ஒரு வரிகூடப் பொய் என்று சொல்ல முடியாது. "உங்கள் பதினொரு பக்கத்தை மேலே வையுங்கள், இதைக் கீழே" என்றார். அப்படியே வைத்தேன். கோப்பை மூடினேன், திறந்து வரிசை சரியா என்று பார்த்தேன், மூடினேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தேன். அக்காவின் டேப்பில் விழுந்த பச்சை எங்கே போய்ச் சேரும், அதை வைத்து யார் என்ன வகுப்பார்கள் என்று யோசனை ஓடியது. அங்கேயும் என்னைப் போல் ஒருவன் கோப்போடு இருப்பான்.

7

புதிய படிவங்கள் தபாலில் வந்தன. இம்முறை அவரவரே நிரப்ப வேண்டும். வேண்டுமானால் ஒருவர் வாசிக்கலாம், சொல்வதை மட்டும் எழுதலாம். ஸ்டெல்லாவுக்கு வாசிக்க ஆள் வேண்டியதில்லை. நாள் முழுதும் ஆங்கிலத்தில்தான் மருந்துக் குறிப்பு எழுதுகிறாள். ஆனால் வியாழன் மாலை வேலையிலிருந்து வந்ததும் படிவத்தை என் முன்னால் வைத்தாள்.

"நீங்க வாசிங்க. நான் சொல்லுகேன்."

"எனக்கு அனுமதி இல்லை. இனி படிவம் நிரப்பப்பிடாதுன்னு சொல்லியிருக்காவ."

"எனக்க படிவம். நான் அனுமதி தாறேன்."

மறுநாளே ஹெலனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வாசித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்துக் காத்திருந்தேன். காத்திருப்பது எளிதல்ல. ஏழாவதுக்கு அவள் விரல் மடக்கிக் கூட்டினாள்: வியாழன் நூறு நிமிடம்; வேலைக்கு நடந்து போய் வருவது; சனிக்கிழமை அனிஷாவோடு கால்வாய்க் கரையில். கால்வாய்க் கரைக்கு இருவரும் போவது எனக்குத் தெரியாது. எழுதினேன்.

பத்தொன்பதாவது கேள்வியை வாசித்தேன். மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை உங்களுக்கு எவ்வளவு திருப்தியாக இருக்கிறது?

அவள் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். "போன தடவை எத்தனை போட்டிய?"

"எட்டு."

"எப்பிடி எட்டு?"

காரணத்தைச் சொன்னேன். ஏழு, ஒன்பது, இரண்டுக்கும் நடுவே என்று. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"அம்மா! லேட்!" என்று வாசலிலிருந்து அனிஷா. அவள் வருகிற ஆண்டு வேறு ஊருக்குப் படிக்கப் போகிறாள். ஸ்கோர் எழுத ஆள் தேட வேண்டும் என்று ஐக்கியத்தில் இப்போதே பேச்சு.

"வந்து சொல்லுகேன்" என்று ஸ்டெல்லா போய்விட்டாள்.

பாத்திரங்களைக் கழுவினேன். அடுப்பைத் துடைத்தேன். படிவத்தின் முனை மேசை விளிம்போடு ஒட்டி இருக்கும்படி நேராக்கினேன். எட்டேகாலுக்கு வந்தாள். முகமெல்லாம் வேர்வை, இடது முழங்கையில் சிராய்ப்பு. "ஜெபம் முடிஞ்சுதா?" என்பது வாய் வரை வந்துவிட்டது.

"ஆரு ஜெயிச்சா?" என்றேன்.

அவள் கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். தோற்றுப்போனார்கள், இருபத்து மூன்று, இருபத்தைந்து. கடைசிப் புள்ளியில் லீலா கோட்டை மிதித்ததைச் செல்வபாய் அக்கா பார்த்தும் விசில் ஊதவில்லை. அதற்கு யார் என்ன சொன்னார்கள், எம்மா எந்தப் பக்கம் பேசினாள் என்று எல்லாம் சொன்னாள். முழங்கையில் மருந்து போடும்போதும் நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, "பத்தொன்பதாவது?" என்று கேட்டேன்.

"அது ஒரு நாளுல சொல்லுக காரியமா?" என்றாள். "நாளைக்கும் கேளுங்க."

வெள்ளிக்கிழமை ஹெலனிடம் சொன்னேன். ஸ்டெல்லா தன் படிவத்துக்குத் தானே தந்த அனுமதி, ஆகவே செல்லும் என்றார். படிவம் அடுத்த வெள்ளிக்குள் வந்து சேர வேண்டும் என்றும் சொன்னார். அந்த வெள்ளியும் நேற்றோடு போய்விட்டது. என் கையில் வந்த ஒரு படிவம் கெடு தாண்டுவது இதுவே முதல் முறை. மேசையில் மூன்று நாட்குறிப்புகளுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. பதினெட்டுக் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன. தினமும் கேட்கிறேன். இன்று காலையும் கேட்டேன்.

யோசிக்கிறாள்.